அடிப்பிடித்த வாசனை

கெமி ஊர்க் கூழாலையில்
பதினோரு வருடமாக எனக்கு இரவு வேலை.
மரம் கூழாகும், கூழ் தாளாகும்,
லாரி லாரியாகத் துறைமுகம் போகும்.
ஒன்றிலும் ஓர் எழுத்து இருக்காது.
அத்தனை வெள்ளையைப் பார்த்துப் பார்த்துத்தான்
படிக்கிற பசி வந்ததோ என்னவோ.

முதல் தாள் சலவைக்கூடத்தில் கிடைத்தது.
காலுறை காயவைக்கும் கம்பியில்
யாரோ மடித்துச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.
இரண்டே பக்கம். தட்டச்சு செய்து நகலெடுத்தது.
ரௌமாவில் தைஸ்தோ என்று ஒருவர்.
தன் இடது முழங்காலைப் பற்றியும்
பக்கத்து வீட்டுக்காரன் இரவல் வாங்கிப்போன
பனி அள்ளும் மண்வெட்டியைப் பற்றியும் தவிர
வேறெதுவும் எழுதுவதில்லை.
அது ஒன்பதாவது இதழ்.
மண்வெட்டி இன்னும் திரும்பியிருக்கவில்லை.

நான் சிரித்த சிரிப்பில்
எதிரே உட்கார்ந்திருந்த பையன்
காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பார்த்தான்.

தாளின் அடியில், பொடி எழுத்தில்,
‘இவர்களையும் வாசியுங்கள்.’
மூன்று பெயர். மூன்று தபால்பெட்டி எண்.

நூல் பிடித்துக்கொண்டு போனேன்.
தலை ஒட்டிய உறைகளை ஆலை முகவரி எழுதி அனுப்பினேன்.
குவோபியோவிலிருந்து வந்தார் ஒரு பல் மருத்துவர்.
வாய் பிளந்தபடி நோயாளிகள் சொல்ல முயல்வதை
ஒன்றுவிடாமல் குறித்துவைப்பவர்:
‘ஆ, ஊ, ஆ.
மகள் பேசுவதில்லை என்கிறாள் என நினைக்கிறேன்.
வலிக்கிறது என்றும் இருக்கலாம்.’
அதைப் படித்த வாரம் முழுக்க
யாரிடமும் அரைகுறையாக நான் பேசவில்லை.

அவர் சொல்லி, பேருந்து ஓட்டும் ரைலி.
இருக்கையில் கிடைக்கும் ஒற்றைக் கையுறைகளின் கணக்கு
அவளுடைய எழுத்து.
இடது கைதான் அதிகம் தொலைகிறதாம்.
வலது எப்போதும்
எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறதாம்.

ஹமினாவில் ஒருத்தி
‘அடுத்த மாதம், கூரையைப் பற்றி’ என்று முடித்தாள்.
நாலு வருடம் ஆயிற்று.
மழை பெய்தால் இன்னமும் எனக்கு அந்தக் கூரை.

எல்லோரும் அப்படியில்லை.
தேனீ வளர்ப்பவர் ஒருவர் பக்கம் பக்கமாக
மெழுகைப் பற்றி எழுதினார்.
கொட்டாவியோடு மூடப்போனவள்
கடைசி வரிக்காக மன்னித்தேன்:
ஒரே ஒரு பெயர், யோர்மா.
தபால்பெட்டி, கெமி.

எங்கள் ஊரிலா, எழுதுகிற ஆளா?

ஆலைக்குத் தபால் புதனன்று வரும்.
வேலை முடிந்து வீடு வந்து
வியாழன் விடியலில், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல்,
ஒரு கையில் கரண்டி ஒரு கையில் தாள்.
புதியவரை அப்படி நின்றுகொண்டே படித்தால்தான் எனக்கு ருசி.

மின்தூக்கிக் கண்ணாடிக்குள் தெரிகிற நாயை
நம்பாத தன் நாயைப் பற்றி எழுதியிருந்தார்.
அந்த நாயை எனக்குத் தெரியும்.
பச்சை அஞ்சல் பெட்டிகள், ஆடுகிற கைப்பிடி,
மூன்றாம் மாடியில் எரியாத விளக்கு.
அந்த விளக்கின் கீழ்தான் தினமும் சாவி தேடுகிறேன்.

பிறகு இது:
‘கீழ் வீட்டில் யாரோ
வியாழன்தோறும் கஞ்சியை அடிப்பிடிக்க விடுகிறார்கள்.
மனைவி போன கிழவர் என்று நினைக்கிறேன்.
முதலில் வாசனை ஏறிவரும்,
அப்புறம் கரண்டி சுரண்டும் சத்தம்.
அதைக் கேட்டதும் எழுந்துவிடுவேன்.
வெளியே இருட்டு, உள்ளே இருட்டு,
ஆனால் கீழே ஒருவர் விடாமல் சுரண்டுகிறார்.
வியாழக்கிழமைகளில் அலாரம் வைப்பதை நிறுத்திவிட்டேன்.’

கிழவராம்!
எனக்கு நாற்பத்து நான்கு.
மனைவியும் இல்லை, போன கணவனும் இல்லை.
கஞ்சி தீய்வதற்குக் காரணம்
ஒரு முழங்கால், ஒரு கூரை,
முப்பத்தெட்டு இடது கையுறை.
இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மறுபடி முதலிலிருந்து படித்தேன்.
படித்துக்கொண்டிருக்கும்போதே
மூக்கில் ஏறியது.
பாத்திரத்தை இறக்கிச் சுரண்டினேன்.
மேலே கட்டில் முனகியது.
ஒரு பாதம். இன்னொரு பாதம்.
அப்புறம் நாயின் நகங்கள்.

கரண்டியை எடுத்து
இன்னொரு தடவை சுரண்டினேன்,
இம்முறை மெதுவாக,
கொஞ்சம் கிழவர் மாதிரி.